மரணப் படுக்கையருகே நிற்கும் இளம் பிள்ளைகள்

சகோதரர்களே, வியாபாரம், ஜகாத்துக் கணக்கு, பிள்ளைகளின் பரீட்சை என்று இந்த ஏட்டில் நாம் பல விஷயங்களை எழுதி வந்திருக்கிறோம். இம்மாதம் எடுத்துக்கொண்டது சற்றுக் கனமான விஷயம். வைத்தியம் படிக்கும் பிள்ளைகளும் தாதிமை படிக்கும் பிள்ளைகளும் ஒரு நோயாளி சாவதை முதன்முதலாகக் கண்ணெதிரே பார்க்கும்போது என்ன ஆகிறார்கள், அதை எப்படித் தாங்குகிறார்கள், தாங்குவதற்கு அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் யார் என்பதே அது. கடைக்காரனுக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

சென்ற வருஷம் ஒருநாள் அஸருக்குப் பிறகு, நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு வியாபாரி கடைக்கு வந்து உட்கார்ந்தார். வரவழைத்த டீயைத் தொடவில்லை. அவருடைய மூத்த மகள் தாதிமைப் படிப்பில் இரண்டாவது வருஷம். ஆஸ்பத்திரி வார்டுக்குப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மூன்று நாளாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை, ராத்திரியில் விளக்கை அணைக்க விடுவதில்லை என்றார். வார்டில் ஒரு பெரியவர் இறந்துபோனாராம். "படிப்பை நிறுத்திவிடச் சொல்லட்டுமா, காக்கா?" என்று நம்மைக் கேட்டார். அப்போது கடையில் நம்மோடு இன்னும் இருவர் இருந்தார்கள். மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம்: "முதல் தடவை அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிவிடும்."

அது எவ்வளவு அரைகுறையான பதில் என்பது, இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளையே தகப்பனாரிடம் வாய்திறந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

இறந்துபோன பெரியவர் நம்மைப் போலக் கடை வைத்துப் பிழைத்தவர். நோய் முற்றி, இனிக் குணப்படுத்த வழியில்லை என்று டாக்டர்கள் முடிவு செய்துவிட்டார்கள். மகன்மார் டாக்டரிடமும் தாதியரிடமும், "வாப்பாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், மனமொடிந்து போவார்" என்று கேட்டுக்கொண்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் பெரிய டாக்டரும் இல்லை, மகன்மாரும் இல்லை. தண்ணீர் கொடுக்க வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டாராம்: "உண்மையைச் சொல்லம்மா, நான் வீட்டுக்குப் போவேனா? எனக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது." பிள்ளை நடுங்கிப்போய், "நல்லாயிடும் மாமா, ரெண்டு நாளில் வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலில் வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிட்டாள். மறுநாள் சாயந்தரம் அவர் மவுத்தாகிவிட்டார். என்ன கணக்கு, யாருக்குக் கொடுக்க வேண்டியது, யாரிடமிருந்து வர வேண்டியது, எவருடைய அமானிதம் என்பது யாருக்கும் தெரியாது. அவருடைய பேரைப் பிள்ளை சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் ஒழுங்கு. நாமும் கேட்கவில்லை.

ஆக, அவளை வாட்டியது மய்யித்தைப் பார்த்த பயம் அல்ல. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் நழுவி வந்துவிட்டோமே என்ற குறுகுறுப்பு. நாமோ "பழகிவிடும்" என்றோம். எதற்குப் பழகுவது? நழுவுவதற்கா?

இந்தக் கேள்வி நம்மை விடவில்லை. மதரஸாவோடும் தொடக்கப் பள்ளியோடும் படிப்பை நிறுத்தியவர் நாம். ஆகவே நூலகத்துப் புத்தகங்களை நம் மைத்துனர் மகன் கொண்டுவந்து படித்துச் சொல்ல, ராத்திரி கடை அடைத்த பின் உட்கார்ந்து கேட்டோம். அதில் மனதில் தங்கியதை இங்கே எழுதுகிறோம்.

முன்னாளில் சாவு பெரும்பாலும் வீட்டில்தான் நடந்தது. வீட்டில் சாக இடமில்லாதவர்களுக்குச் சிங்கப்பூரில் சேகோ லேன் இருந்தது. சீனர்கள் குடியிருந்த பகுதியில், சாகும் தறுவாயில் உள்ளவர்களைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும் மரண விடுதிகள் அந்தத் தெருவில் இருந்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடைவீட்டின் மேல்மாடியில் ஒரு தடுப்புக்குள் பலபேராகக் குடியிருந்த ஏழைத் தொழிலாளிகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. வீட்டில் சாவு நேர்ந்தால் ஆகாது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. 1961-ம் வருஷத்தில் அந்த விடுதிகள் தடை செய்யப்பட்டன. சாவு ஆஸ்பத்திரிக்குள் இடம் மாறியபோது, அதன் அருகே நிற்கும் வேலையும் மாறிவிட்டது. சொந்தபந்தம் செய்ததை இப்போது சம்பளத்துக்கு வந்தவர்கள் செய்கிறார்கள். அவர்களிலும் இளையவர்களான பயிற்சிப் பிள்ளைகளே ராவும் பகலும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்தவர் ஜீன் குவின்ட் என்ற அம்மையார். அவரே தாதி. கலிபோர்னியாவில் தாதிமை மாணவிகளைப் பற்றி ஆராய்ந்து, 1967-ம் வருஷம் புத்தகமாக வெளியிட்டார். உயிரைக் காப்பாற்றும் முறைகளைப் பள்ளிகள் அடி பிசகாமல் கற்றுக் கொடுத்தன. சாகப் போகிறவரிடம் என்ன பேசுவது என்பதைப் பெரும்பாலும் சந்தர்ப்பத்துக்கு விட்டுவிட்டன. தம் கைத் தவறுதலால் ஒருவர் செத்துவிடுவாரோ என்பது மாணவிகளின் முதல் பயம். நோயாளி "நான் சாகப் போகிறேனா?" என்று கேட்டுவிடுவாரோ என்பது அடுத்த பயம். ஆகவே வேலையில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்ளவும், பேச்சை வேறு பக்கம் திருப்பவும் தாமாகவே கற்றுக்கொண்டார்கள். நம் சிநேகிதர் மகள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாளே, அதே வித்தைதான்.

குவின்ட் அம்மையாரோடு சேர்ந்து ஆராய்ந்த கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இருவர் 1965-ல் இன்னொரு புத்தகம் எழுதினார்கள். சாகும் நோயாளிக்கும் சுற்றியிருப்பவர்களுக்கும் இடையே நிலவக்கூடிய நிலைமை நான்கு வகை என்கிறார்கள். எல்லோருக்கும் தெரியும், நோயாளிக்கு மட்டும் தெரியாது என்பது ஒன்று. நோயாளி சந்தேகப்பட்டுத் துருவித் துருவிக் கேட்பது மற்றொன்று. அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும், ஆனால் இரு தரப்பும் தெரியாததுபோல் நடிப்பது மூன்றாவது. ஒளிவு மறைவில்லாமல் பேசிக்கொள்வது நான்காவது. இந்த மூன்றாவதைப் படித்தபோது புத்தகத்தைச் சற்று மூடி வைக்கச் சொன்னோம். நம்மில் எத்தனை வீடுகளில் வாப்பாவும் பிள்ளைகளும் கடைசி மாசத்தை இப்படி நாடகமாடியே கழித்திருக்கிறோம்! அந்த நாடகத்தில் வேஷம் போடாமல் சிக்கிக்கொள்கிறவள் ராத்திரி வேலைக்கு வரும் அந்தப் பெண் பிள்ளை.

மறைப்பது நம்மவர் பழக்கம் மட்டும் என்று எண்ண வேண்டாம். 1961-ல் சிக்காகோ நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் 219 பேரிடம் கேட்டபோது, ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்பினார்கள். 1979-ல் ராச்செஸ்டர் நகரத்து டாக்டர்களிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, நூற்றுக்கு 97 பேர் சொல்வதையே விரும்பினார்கள். பதினெட்டு வருஷத்தில் தராசுத் தட்டு அப்படியே மறுபுறம் சாய்ந்துவிட்டது.

இடைக்காலத்தில் நடந்தது என்ன? பல காரணங்கள் உண்டு. நமக்கு விளங்கியவை இரண்டு.

எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற டாக்டர் அம்மையார் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1965-ல் சிக்காகோவில் வேத சாஸ்திரம் படிக்கும் மாணவர் நால்வர் அவரிடம் வந்து, சாவைப் பற்றி அறிந்துகொள்ள உதவ வேண்டும் என்றார்கள். சாகும் நோயாளிகளிடமே கேட்போம் என்று அம்மையார் வார்டு வார்டாகப் போனார். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில், தம் வார்டில் அப்படி ஒருவரும் இல்லை என்பதே டாக்டர்கள் பலருடைய பதிலாக இருந்தது! பிறகு ஒருவர் இருவராக நோயாளிகள் கிடைத்தார்கள். அம்மையார் நோயாளியோடு உட்கார்ந்து பேசுவார். மாணவர்கள் ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பார்கள். நோயாளி படுக்கைக்குத் திரும்பியதும் எல்லோரும் கூடி, கேட்டதைப் பற்றியும், கேட்டபோது தம் மனம் பட்ட பாட்டைப் பற்றியும் பேசுவார்கள். 1969-ல் அவர் எழுதிய புத்தகம் உலகமெங்கும் பரவியது. மறுத்தல், கோபம், பேரம் பேசுதல், சோர்வு, ஏற்றுக்கொள்ளுதல் என்று அவர் சொன்ன ஐந்து நிலைகளை இன்றைக்கும் மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால் எல்லா மனிதரும் அந்த ஐந்து படியில் வரிசையாக ஏறுவதில்லை என்பது பிறகு தெளிவாயிற்று. ஒரு நாளிலேயே மூன்று நிலையும் வரும். சிலருக்குக் கோபமே வராது. நோயாளியைப் பார்த்து "இவர் இரண்டாம் படியில் நிற்கிறார்" என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போகும் மாணவன், நழுவுவதற்கு இன்னொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறான் என்போம். ஐந்து நிலைகளைவிட, நோயாளி போன பிறகு கூடி உட்கார்ந்து பேசினார்களே, அதுதான் நமக்குப் பெரிதாகப் பட்டது. கடையில் புதுப்பையனை முதல்நாளே கல்லாவில் உட்கார வைக்கிறோமா? இல்லை. பக்கத்தில் நிற்க வைக்கிறோம். ராத்திரி கடை அடைத்த பின் கணக்குப் பார்க்கும்போது, எங்கே விட்டது என்று அவனோடு உட்கார்ந்து பார்க்கிறோம். ஐந்து வெள்ளிக்கு அவ்வளவு ஜாக்கிரதை காட்டுகிற உலகம், மரணத்தின் முன்னால் பிள்ளையைத் தனியாக நிறுத்திவிட்டது.

இரண்டாவது, லண்டனில் நடந்தது. சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் தாதி. முதுகு வலியால் அந்த வேலையை விட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களைக் கவனிக்கும் உத்தியோகம் பார்த்தார். 1948-ல் டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூதர் உற்றார் யாருமின்றி அவருடைய பராமரிப்பில் இறந்தார். இறக்குமுன், அம்மையார் கட்டப் போகும் இல்லத்தில் தாம் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று சொல்லி 500 பவுன் விட்டுச் சென்றார். அதன் பிறகு அம்மையார் வைத்தியம் படித்து 1957-ல் டாக்டராகி, 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். ஒரு ஜன்னலுக்கு வீடு கட்டப் பத்தொன்பது வருஷம் பிடித்தது. நம்மில் முதல் போட்டவர்களுக்கு அந்தப் பொறுமை விளங்கும்.

அக்காலத்தில் வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகு மருந்து கொடுப்பதே வழக்கம். வலி திரும்புவதற்கு முன்பே, மணி பார்த்து ஒழுங்காக மார்பின் கொடுக்க வேண்டும் என்று அம்மையார் நிலைநாட்டினார். உடல் வலியோடு மன வேதனை, குடும்பக் கவலை, ஆத்மாவின் கலக்கம் நான்கும் சேர்ந்ததே முழு வலி என்றும் சொல்லிக் கொடுத்தார். இது பயிற்சிப் பிள்ளைகளுக்கு என்ன உதவி என்றால், அவர்களுடைய பயத்தில் பெரும்பங்கு "நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லையே" என்ற கையறு நிலையிலிருந்து வருவது. செய்வதற்கு வேலை இருக்கிறது, வலியைத் தணிக்கலாம், வாயை நனைக்கலாம், புரட்டிப் படுக்க வைக்கலாம், கவலையைக் கேட்கலாம் என்று தெரிந்தால், பிள்ளையின் கால் கட்டிலைவிட்டு ஓடுவதில்லை. இந்த வைத்தியம் நம் பக்கமும் வந்தது. சிங்கப்பூரில் 1989-ல் அந்திமகாலப் பராமரிப்புச் சங்கம் ஒன்று தோன்றி, நோயாளியின் வீட்டுக்கே டாக்டரையும் தாதியையும் அனுப்பியது. கோலாலம்பூரில் 1991-ல் ஹாஸ்பிஸ் மலேசியா தோன்றியது.

நிற்க. வைத்திய மாணவர் பலர் சாவை முதலில் சந்திப்பது வார்டில் அல்ல, அறுத்துப் படிக்கும் மேஜையில். அமெரிக்காவில் 1963-ல் லீஃப், ஃபாக்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், அங்கிருந்துதான் மாணவர்கள் 'ஒட்டாத அக்கறை' என்பதைக் கற்கத் தொடங்குகிறார்கள் என்று எழுதினார்கள். அக்கறையும் வேண்டும், அதில் மூழ்கியும் போகக் கூடாது. சொல்லச் சுலபம், பலர் ஒட்டாததை மட்டும் கற்றுக்கொண்டு அக்கறையை மேஜையிலேயே விட்டுவிடுகிறார்கள். தைவான் நாட்டில் ஹுவாலியன் நகரத்து வைத்தியக் கல்லூரி இதற்கு மாற்று வழி கண்டது. உடலைத் தானம் செய்தவரை அங்கே 'மௌன ஆசான்' என்கிறார்கள். மாணவர்கள் முதலில் அவர் வீட்டுக்குப் போய், அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டு வருகிறார்கள். படித்து முடித்ததும் தைத்து, உடுத்தி, தாங்களே வழியனுப்புகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் 2012 முதல் இம்முறை வந்தது. தானம் பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் விடுவோம். அறுப்பதற்கு முன் பேரைத் தெரிந்துகொள் என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம்.

துக்கச் செய்தியைச் சொல்வதற்கும் இப்போது பாடம் உண்டு. 2000-ம் வருஷத்தில் பெய்ல், பக்மன் முதலிய டாக்டர்கள் 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறையை வெளியிட்டார்கள். தனி இடம் பார்த்து உட்கார வேண்டும். நின்றுகொண்டு சொல்லக் கூடாது. நோயாளிக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்றும் கேட்க வேண்டும்; வேண்டாம் என்பவரிடம் திணிக்கலாகாது. பிறகு எளிய சொல்லில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும். அவர் அழுதால் பேச்சை நிறுத்தி அழ விட வேண்டும். கடைசியில், இனிச் செய்யப் போவது என்ன என்று சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். சரக்கைப் பற்றிப் பேசுமுன் வந்தவர் தேவையைக் கேள் என்று நம் முதலாளிமார் சொன்னதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

பயிற்சியில் இருக்கும் பிள்ளை இப்படித் தானே போய்ச் செய்தி சொல்லலாகாது. அது டாக்டரின் பொறுப்பு. ஆனால் ராத்திரியில் கேள்வி வரும்போது பொய் சொல்லாமல், ஓடாமல், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு உட்காரலாம். கேட்டதை மூத்த தாதியிடம் சொல்லலாம். அவ்வளவுக்கு அவளுக்கு அதிகாரம் உண்டு என்று யாராவது அவளுக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

சாவுக்குப் பின்னும் ஒரு கடமை இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஜோனதன் பார்ட்டல்ஸ் என்ற தாதி, காப்பாற்ற முயன்று முடியாமற்போனவரின் கட்டிலைச் சுற்றி எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கும் வழக்கத்தைத் தொடங்கி, 2014-ல் அதைப் பற்றி எழுதினார். அதுவரை கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவதுதான் நடந்தது. பாஸ்டன் நகரில் நுரையீரல் புற்றுநோயால் 1995-ல் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வக்கீலின் பேரால், டாக்டர்களும் தாதியரும் கூடி, மருந்தைப் பற்றியல்லாமல் தம் மனம் பட்ட பாட்டைப் பேசும் கூட்டம் 1997 முதல் நடக்கலாயிற்று. கடை அடைத்த பின் கணக்குப் பார்ப்பது என்றோமே, அதுதான்.

இவற்றையெல்லாம் கேட்டபோது நமக்கு ஒரு பழைய நினைவு வந்தது. இருபத்திரண்டு வயதில் நாம் முதன்முதலாக ஜனாஸா குளிப்பாட்டப் போனோம். இறந்தவர் நம் கடைப் பண்டாரி. நமக்குச் சோறு போட்ட மனிதர். கை நடுங்கியது. லெப்பை நம் கையில் ஒரு செம்பைக் கொடுத்து, "நீ தண்ணீர் மட்டும் ஊற்று தம்பி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். உயிரோடு இருப்பவருக்கு வலிக்குமே என்பதுபோல அவர் மெதுவாகப் புரட்டினார். முடிந்ததும் பின்படிக்கட்டில் உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார். நாம் பேசினோம், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது ஜனாஸாவில்தான் கையில் துணியைக் கொடுத்தார். நமக்கு அப்படி ஒருவர் வாய்த்திருந்தும், சிநேகிதர் வந்து கேட்டபோது "பழகிவிடும்" என்றுதான் வாயில் வந்தது. வெட்கமாக இருக்கிறது.

வார்டுக்குப் போகும் நம் சகோதரர்களிடம் ஒரு வார்த்தை. வாப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லுமுன், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று வாப்பாவிடமே கேட்டுப் பாருங்கள். கொடுக்கல் வாங்கல் உள்ள மனிதருக்குக் கடைசி நாட்கள் என்பது கடன் தீர்க்கும் நாட்களுமாகும். அதை நாம் பறித்துக்கொள்கிறோம். அப்படியும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தால், ராத்திரியில் அவர் கேட்கும்போது பதில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருங்கள். அதைச் சம்பளமில்லாப் பயிற்சிப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்காதீர்கள்.

சிநேகிதர் மகள் படிப்பை நிறுத்தவில்லை. இந்த வருஷம் வேறொரு வார்டில், ஒரு சீனக் கிழவி அவளிடம் மலாயில் அதே கேள்வியைக் கேட்டாளாம். இம்முறை பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பாட்டி என்ன நினைக்கிறீங்க?" என்றாள். கிழவி தான் வளர்க்கும் பறவையைப் பற்றிப் பேசினாள். தனக்குப் பின் யார் தீனி போடுவார்கள் என்பதே அவளுடைய கவலை. பிள்ளை போய் மூத்த தாதியிடம் சொன்னாள். அவர், "நீ அங்கேயே இரு, உன் கட்டில்களை நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, காலையில் கிழவியின் மகளுக்கு விவரம் சொன்னார். நான்காம் நாள் கிழவி இறந்தபோது இருவருமாகத் துடைத்து உடுத்தினார்கள். புரட்டும்போதெல்லாம் மூத்த தாதி ஹொக்கியனில், "ஆம்மா, இப்போது இந்தப் பக்கம் திருப்புகிறோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து மைலோ குடித்தார்கள்.

இதைச் சொல்லும்போது சிநேகிதர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஆனாலும் எழுந்து போகும்போது, "அந்தப் பெரியவர் சொல்ல வந்த கணக்கு என்னவாக இருக்கும், காக்கா? மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்" என்றார். நம்மிடம் பதில் இல்லை.